ஆரக்கிளும் எஸ்ஏபியும் போட்டியாளர்களா, கூட்டாளிகளா?

கேள்வி:
வணக்கம். நிறுவன மென்பொருள் (நிறுவனங்களின் கணக்கு, சரக்கு, ஊழியர் நிர்வாகம் போன்றவற்றுக்கான மென்பொருள்) சந்தையில் ஆரக்கிளும் எஸ்ஏபியும் நேரடிப் போட்டியாளர்கள். ஆயினும் எஸ்ஏபியின் மென்பொருள் நெடுங்காலமாக ஆரக்கிள் தரவுத்தளத்தின் மீது பரவலாக இயங்கிவந்துள்ளது. உரிமக் கட்டணம் எதிராளிக்குச் சேரும் என்று தெரிந்தும் எஸ்ஏபி இதற்கு ஏன் இசைந்தது?

மறுமொழி:
இசைந்தது என்பதைவிட, வேறு வழியில்லை என்பதே பொருத்தம். 1992இல் எஸ்ஏபியின் நிறுவன மென்பொருளான ஆர்/3 வெளியானபோது, வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே நம்பிப் பணம் செலவழித்திருந்த தரவுத்தளங்களில் அது இயங்கினால்தான் விற்பனையாகும் என்ற நிலை இருந்தது. ஆரக்கிள் 2005இல் பீப்பிள்சாஃப்ட் என்ற நிறுவன மென்பொருள் நிறுவனத்தையும், அடுத்த ஆண்டில் அதே துறையைச் சேர்ந்த சீபெலையும் தன்னுடன் இணைத்துக்கொண்ட பிறகுதான் பகை முற்றியது. எஸ்ஏபி 2010இல் சைபேஸ் என்ற தரவுத்தள நிறுவனத்தை வாங்கியது; 2015இல் அறிமுகமான தன் அடுத்த தலைமுறை மென்பொருளான எஸ்/4ஹானாவைத் தன் சொந்த ஹானா தரவுத்தளத்தில் மட்டுமே இயங்குமாறு அமைத்தது.

மறுமொழி:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எஸ்ஏபியின் துணை நிறுவனமான டுமாரோநவ் தொடர்பாக ஆரக்கிள் தொடுத்த பதிப்புரிமை வழக்கில் 2010இல் எஸ்ஏபி 130 கோடி டாலர் தர வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது (தொகை பின்னர் குறைக்கப்பட்டது). அப்போதும் ஆரக்கிள் தரவுத்தளத்தின் மீது எஸ்ஏபி மென்பொருள் இயங்குவது நிற்கவில்லை. வழக்கறிஞர்கள் ஒருபுறம், பொறியாளர்கள் மறுபுறம்!

மறுமொழி:
மேகக் கணிமையிலும் (இணையம் வழியே கணினி வசதிகளை வாடகைக்குத் தரும் தொழில்) போட்டியாளர்கள் கைகோக்கும் இதே கதைதான். ஆரக்கிளும் மைக்ரோசாஃப்டும் 2019இல் தம் மேகச் சேவைகளை இணைத்தன. 2023இல் ஆரக்கிள் தன் தரவுத்தள வன்பொருளை மைக்ரோசாஃப்டின் தரவு மையங்களுக்குள்ளேயே நிறுவுவதாக அறிவித்தது. தரவு ஓரிடத்திலும் அதைப் பயன்படுத்தும் மென்பொருள் வேறிடத்திலும் இருந்தால் ஏற்படும் தாமதத்தை வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதே இதற்கு முதன்மையான காரணம் என்று கருதுகிறேன்.