டெங்கி வந்து போன உடம்போடு சைக்ளோகிராஸ்: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே. வயது 51. டிசம்பரில் பெல்ஜியத்தில் மூத்தோர் சைக்ளோகிராஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்து, டிக்கெட்டும் போட்டாச்சு. ஜூலையில் டெங்கி வந்து சாய்த்துவிட்டது. பிளேட்லட் இறங்கி ஐந்து நாள் ஆஸ்பத்திரி. இப்போது ரத்தப் பரிசோதனை சரி, மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

ஆனால் நேற்று எங்கள் புளோக் படிக்கட்டில் சைக்கிளைத் தோளில் போட்டு ஏறினேன். நான்காவது மாடியிலேயே தொடை வெடவெடவென்று நடுங்க, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். குப்பை போட வந்த ஆன்ட்டி, “லிஃப்ட் கெட்டுப்போச்சா தம்பி?” என்றார்.

தெரியாதவர்களுக்கு: சைக்ளோகிராஸ் என்பது சேறும் மணலும் புல்லுமாக மூன்று கிலோமீட்டர் போலச் சுற்றிச் சுற்றி வரும் பந்தயம். 40 செ.மீ. உயரத் தடுப்புப் பலகை வந்தால் குதித்திறங்கி, வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி தாவி ஏறணும். அந்த ஓட்டம்தான் இப்போது பயமாக இருக்கிறது.

டெங்கிக்குப் பிறகு ஓட்டம், சைக்கிள் என்று திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அசதி முழுசாகப் போக எத்தனை வாரம் ஆனது? ஞாயிறு காலை சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் கேத்தாம் மலைச் சைக்கிள் பாதைக்கு என் வேகத்துக்குக் கூட வருவீர்களா? தனியாகப் போக வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். 33 மி.மீ. சேற்று டயர் இருந்தால் இரவல் கொடுங்கள், அதைவிட அகலம் சர்வதேச விதிப்படி கூடாது.

“பேசாமல் ஓய்வெடு” என்று மட்டும் எழுதாதீர்கள். அதை வீட்டம்மா தினமும் சொல்கிறார்.