கரண்டியைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறார்: மறதிநோய் உள்ள முதியவர்கள் தம் கையாலேயே உண்ண என்ன செய்யலாம்?

கேள்வி: உச்சிப்புளி இல்லப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பணியாளர்களுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். இங்கே தங்கியிருக்கும் 24 பேரில் ஏழு பேருக்கு மறதிநோய் இருப்பதாக மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர், 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று வீட்டில் சொல்லிச் சொல்லிக் கடைசியில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள்.

மதிய உணவு வேளையில் பணியில் இருப்பவர்கள் இரண்டு பேர்தாம். முக்கால் மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதால், ஏழு பேருக்கும் சோற்றைக் குழையப் பிசைந்து கரண்டியால் ஊட்டிவிடுவது எப்படியோ வழக்கமாகிவிட்டது. பாம்பன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், ஆயுள் முழுதும் கடலுக்குப் போனவர், ஆறு மாதங்களுக்கு முன்பு இங்கே வரும்போது தாமாகவே சாப்பிட்டார். இப்போது கரண்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறார். இரண்டு மாதங்களில் மூன்று கிலோ எடை குறைந்திருக்கிறது. ஆனால் பிற்பகலில் அவர் கையில் நைலான் நூலைக் கொடுத்தால், பெற்ற மகளின் பெயர் நினைவில்லாத அந்த மனிதர் வலைக்கு முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார். முடிச்சுப் போடும் விரல்களுக்குச் சோற்றை அள்ளி வாயில் வைப்பது மட்டும் மறந்துவிடுமா என்பதுதான் என் கேள்வி.

கீழக்கரையைச் சேர்ந்த ஓர் அம்மா, தட்டை வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் கறியை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை அப்படியே விட்டுவிடுகிறார். மீனவரின் மகன், மூக்கு வழியாக உணவு செலுத்தும் மூக்குக்குழாய் வைத்துவிடலாமா என்று கேட்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: தங்கச்சிமடம், ஓய்வுபெற்ற செவிலியர்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் நினைவில் கொள்ளும் திறன் முதலில் போகிறது; பல்லாண்டுகள் செய்து செய்து கைக்குப் பழகிப்போன செயல்கள் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால் நெடுநாள் தங்குகின்றன. வலை முடிச்சு அப்படித்தான் தங்கியிருக்கிறது. சோற்றைப் பிசைந்து உருட்டிக் கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவதும் அதே வகைப் பழக்கந்தான். எழுபத்தைந்து ஆண்டுகள் கையால் உண்டவரிடம் கரண்டியை நீட்டும்போது, அவருக்கு என்றுமே பழக்கமில்லாத ஒரு கருவியை, அதுவும் வேறொருவர் கையில், முகத்துக்கு நேரே கொண்டுபோகிறோம். அவர் வாயை மூடிக்கொள்வதைப் பிடிவாதம் என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம். நானும் பணியில் இருந்த நாட்களில் அப்படி எழுதியவள்தான்.

ஆகவே முதல் வேலையாக அந்தப் பெரியவருக்கு மட்டுமாவது கரண்டியை நிறுத்துங்கள். உணவுக்கு முன் அவர் கையைச் செம்பு நீரால் கழுவிவிடுங்கள். 'இனிச் சாப்பாடு' என்று உடலுக்குச் சொல்லும் குறிப்பு அதுதான். பிறகு முதல் கவளத்தை நீங்கள் உருட்டி அவர் விரல்களுக்கு இடையே வையுங்கள். கை எழவில்லை என்றால், உங்கள் கையை அவருடைய கைக்குக் கீழே கொடுத்து முழங்கையை மெல்ல உயர்த்துங்கள். மேலிருந்து பிடித்து இழுத்தால் மிரண்டுவிடுவார். கீழிருந்து தாங்கினால் தாமே செய்வதாக உணர்வார். பெரும்பாலும் இரண்டு மூன்று கவளங்களுக்குப் பிறகு கை தானே ஓடத் தொடங்கும். தொடங்குவதுதான் அவர்களுக்குக் கடினம், தொடங்கிவிட்டால் தொடர்ந்துவிடுவார்கள். இடையில் நின்றுவிட்டால் மறுபடியும் ஒரே ஒரு கவளத்துக்கு மட்டும் உதவிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

சோற்றை விட்டுவிடுபவரைப் பற்றி: நீங்கள் எவர்சில்வர் தட்டிலா பரிமாறுகிறீர்கள்? பளபளக்கும் தட்டில் வெண்சோறு அவர் கண்ணுக்குத் தனியாகத் தெரியாமல் போகலாம். 2004ஆம் ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், மறதிநோய்களில் ஒன்றான அல்சைமர் முற்றிய நிலையில் இருந்த ஒன்பது ஆண்களுக்கு வெள்ளைத் தட்டுக்கும் குவளைக்கும் பதிலாக அடர்சிவப்பு நிறத்தில் கொடுத்தபோது, உண்ட உணவு 25 விழுக்காடும் பருகிய நீர்மம் 84 விழுக்காடும் கூடின. அடர்நீலமும் பயன் தந்தது. வெளிர் நிறங்கள் தரவில்லை. ஒன்பது பேரை மட்டும் வைத்து எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்றாலும், செலவில்லாமல் செய்து பார்க்கக்கூடியது இது. நமக்கோ சிவப்புத் தட்டைக்கூடத் தேட வேண்டியதில்லை, வாழையிலை இருக்கிறது. பச்சையில் வெள்ளை பளிச்சென்று தெரியும். இலை போட்டாலே சாப்பாடு என்பது அவர்கள் எலும்பில் ஊறிய அடையாளம். இலை வழுக்காமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்துவிடுங்கள். சோறு, குழம்பு, பொரியல் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைக்காமல் ஒவ்வொன்றாகப் பரிமாறுங்கள். மூன்று வகை கண்முன் இருந்தால் எதை எடுப்பது என்ற குழப்பத்திலேயே சிலர் எதையும் எடுக்கமாட்டார்கள்.

பதில் 2: கீழக்கரை, தாயைப் பராமரித்தவர்

என் உம்மாவுக்கு ஒன்பது ஆண்டுகள் இந்த நோய் இருந்தது. அந்த அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஊரில் விருந்து என்றால் சஹன். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து உண்பது. தனியாக ஒரு தட்டு, எதிரே சுவர், பக்கத்தில் நின்றபடி 'சாப்பிடுங்க, சாப்பிடுங்க' என்று சொல்லும் ஒருவர் என்றால், அதை அவர் சாப்பாடாகவே உணர்ந்திருக்கமாட்டார். என் உம்மாவின் எதிரே நானும் ஒரு தட்டுடன் உட்கார்ந்து, வாய்விட்டு 'பிஸ்மில்லாஹ்' சொல்லி முதல் வாய் வைத்தால், அவரும் சொல்லிக்கொண்டே கையை நீட்டிவிடுவார். நான் மென்றால் அவர் மெல்லுவார். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். ஆகவே பணியாளர்களில் ஒருவர் தம் மதிய உணவை அவர்களோடு உட்கார்ந்து உண்ணும்படி ஏற்பாடு செய்யுங்கள். அது சலுகை அன்று, வேலையின் ஒரு பகுதி என்று நிர்வாகத்துக்கு நீங்கள்தான் புரியவைக்க வேண்டும்.

உணவு வேளையில் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். மீன் ஆணத்தின் (குழம்பின்) மணம் அடுக்களையிலிருந்து அவர்கள் இருக்கும் இடத்துக்கு வரட்டும். நோய் கூடக்கூட இனிப்பின் மீது நாட்டம் மிகுவது பலரிடம் உண்டு. உம்மா கடைசி ஆண்டுகளில் சோற்றைத் தள்ளிவிட்டுத் தொதல் என்ற இனிப்பைக் கேட்பார். ஒருமுறை கொடுத்து அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பட்ட பாட்டை இன்றும் மறக்கவில்லை. ஒட்டும் பண்டம் எதையும் கொடுக்காதீர்கள்.

பதில் 3: ராமநாதபுரம், மருத்துவர்

மேலே உள்ள இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் கையால் உண்ணவிடுவதற்கு முன் பாதுகாப்பாக விழுங்குகிறாரா என்று பார்த்தாக வேண்டும். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவது, விழுங்கிய பின் குரல் தண்ணீரில் நனைந்தது போல் கரகரப்பது, சோற்றைக் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொள்வது, அடிக்கடி சளிக்காய்ச்சல் வருவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வருவது இந்த நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. கட்டிலில் சாய்த்துவைத்து ஒருபோதும் உணவு தராதீர்கள்; நாற்காலியில் நிமிர்ந்து, பாதம் தரையில் படும்படி உட்கார வேண்டும், உண்டபின் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும்.

எடை குறைவதற்கு மறதி மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. வாய்ப்புண், பொருந்தாத பல்செட், மலச்சிக்கல், மனச்சோர்வு, பசியைக் குறைக்கும் மருந்துகள் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கள் வெற்றிலை போடும் தலைமுறைக்கு வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்ப்பது மிகவும் அவசியம்.

மீன் இல்லாமல் இந்தக் கடற்கரைக்காரர்களுக்குச் சோறு இறங்காது. சூடை, சாளை போன்ற முள் நிறைந்தவற்றைத் தவிர்த்து, சீலாவின் நடுத்துண்டை ஒருவர் விரலால் தடவி முள் பார்த்த பிறகே கொடுங்கள். சுறாப்புட்டு இன்னும் நல்லது. ஆனால் உதிரியாகக் கொடுத்தால் புரையேறும், குழைந்த சோற்றோடு சேர்த்து உருண்டையாக்குங்கள்.

மூக்குக்குழாய் பற்றி: முற்றிய மறதிநோயில் குழாய் உணவு ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட நிலைப்பாட்டில், குழாய்க்குப் பதிலாகக் கவனத்துடன் கையால் ஊட்டுவதையே பரிந்துரைத்தது. பலர் குழாயைப் பிடுங்கிவிடுவதால் கையைக் கட்டும் கொடுமைக்கும் அது வழிவகுக்கிறது. உங்கள் பெரியவரோ அந்த நிலைக்கே வரவில்லை. கை ஓடுகிறவருக்குக் குழாய் எதற்கு?

கேள்வியாளர், பதினாறு நாட்களுக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. மருத்துவரிடம் காட்டினோம், பெரியவரின் கீழ்ப்பல்செட் ஈற்றை அறுத்திருந்தது, சரிசெய்துவிட்டோம். இப்போது இலை போட்டு, கை கழுவி, முதல் கவளத்தைக் கையில் வைத்தால் பாதிச் சோறு வரை அவரே உண்கிறார். எடை இன்னும் கூடவில்லை, ஆனால் குறையவும் இல்லை. கீழக்கரை அம்மா, சமையல்காரர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் முழுதும் சாப்பிடுகிறார்; சமையல்காரர் விடுப்பில் போன இரண்டு நாளும் பழைய கதைதான். சோற்றை விடுகிறவரிடம் இலையால் சிறிதே மாற்றம் தெரிகிறது.

சிக்கல் இப்போது வேறு. மடியெல்லாம் சோறு சிந்துவதைப் பார்த்து ஒரு குடும்பத்தார், 'பணம் கொடுத்தும் இப்படி அழுக்காக உட்காரவைத்திருக்கிறீர்களே' என்று சண்டை பிடித்தார்கள். நேரமும் ஒன்றேகால் மணி ஆகிறது.

பதில்: தங்கச்சிமடம், ஓய்வுபெற்ற செவிலியர்

அந்தக் குடும்பத்தாரைச் சாப்பாட்டு வேளைக்கே அழைத்து, எதிரே உட்கார்ந்து உண்ணச் சொல்லுங்கள். தம் தகப்பனார் தாமே கவளம் எடுப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் மடியைப் பார்க்கமாட்டார்கள் என்பது என் அனுபவம். மடிக்குப் பழைய சாரத்தை (லுங்கியை) மடித்துப் போடுங்கள். குழந்தைக்குக் கட்டுவது போல் கழுத்தில் எதையும் கட்டாதீர்கள், அவர்களுக்குக் கூச்சம் உண்டு.

நேரத்துக்கு ஒரே வழி, ஏழு பேரையும் ஒன்றாக உட்காரவைக்காமல் பிரிப்பதுதான். தொடங்கிவிட்டால் தாமே உண்ணும் நால்வரை 12 மணிக்கும், தொடர்ந்து உதவி தேவைப்படும் மூவரை 12.45க்கும் அழையுங்கள். சோற்றை விடுகிறவர் இலையின் எந்தப் பக்கத்தில் விடுகிறார் என்று இரண்டு நாள் கவனியுங்கள். எப்போதும் ஒரே பக்கம் என்றால், அந்தப் பக்கம் அவர் பார்வைக்கு எட்டாமல் இருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் இலையைத் திருப்பி வையுங்கள், மருத்துவரிடமும் தெரிவித்துவிடுங்கள்.