பாங்காக் தகவல் தளத்துக்குக் கைகொடுக்க ஆள் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. வேலைக்காக பாங்காக் வரும் வெளிநாட்டினருக்கு வீடு, விசா, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பற்றிச் சொல்லும் தளம் ஒன்றை நடத்துகிறேன். இனி தனியாளாகச் சமாளிக்க முடியாது.

அதிகம் பேர் கேட்பது இமிகிரேஷன் சமாச்சாரம்தான். தொடர்ந்து 90 நாள் தங்கினால் டிஎம் 47 படிவத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். கெடு தேதிக்கு 15 நாள் முன்பிருந்து, கெடு முடிந்து 7 நாள் வரை கொடுக்கலாம். டிஎம் 30 வேறு. வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் தெரிவிக்க வேண்டியது அது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, சேங் வத்தனாவில் இருக்கும் இமிகிரேஷன் அலுவலகம் வரை அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் இன்னமும் உண்டு. கைக்குழந்தையோடு போய்த் திரும்பிய ஒரு பெண் எழுதியதைப் படித்தபோது மனசே கேட்கவில்லை.

முதல் தேவை, தாய்லாந்து மொழி சரளமாக வாசிக்கத் தெரிந்த ஒருவர். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மூல அறிவிப்பைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும், கேள்விப்பட்டதை வைத்து எழுதக் கூடாது. சீலோம் மாரியம்மன் கோயில், பாஹுரத் பக்கம் இருப்பவர்கள் நம்ம ஊர் மளிகைக் கடைகளின் நேரம், இடம் சரிபார்த்துத் தந்தால் பெரிய உதவி. வேர்ட்பிரஸ் தெரிந்தவர் கிடைத்தால் தளத்தின் வேகத்தையும் சரிசெய்துவிடலாம்.

சம்பளம் தர வசதியில்லை. ஏஜென்டுகளிடம் காசு வாங்கி எழுதுவதும் இல்லை. முடிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். வாரத்தில் எப்போது நேரம் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள்.