க்ரூகரின் வடகோடி: போய் வந்த நால்வர் அவரவர் புனைபெயரில் சொல்வது

தூசிச்சாலை

தென்னாப்பிரிக்கா போகும் நம்மவர்கள் பெரும்பாலும் க்ரூகர் தேசியப் பூங்காவின் தெற்கில் ஸ்குகூசா, லோயர் சபி முகாம்கள் என்று சுற்றிவிட்டு, கடைசி நாளில் ஏதோ ஒரு 'கலாசார கிராமத்தில்' பேருந்துக் கூட்டத்தோடு நடனம் பார்த்துத் திரும்புகிறார்கள். சிங்கம்தான் வேண்டும் என்றால் தெற்கே போவது சரிதான். விலங்கோடு அந்த மண்ணின் மனிதர்களைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டுமா? வடக்கே புண்டா மரியா முகாமில் தங்குங்கள்.

அங்கிருந்து, பழைய கல்நகரத்தின் இடிபாடுகள் உள்ள துலாமேலா குன்றுக்குத் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியோடு கூட்டிப் போகிறார்கள். சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். ஜிம்பாப்வே நாட்டில் உள்ள பழைய கல்நகரமான கிரேட் ஜிம்பாப்வேயைக் கட்டிய அதே மரபு. இங்கே தங்க மணிகளும், இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் வந்த கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அகழாய்வில் வெளிவந்த எலும்புக்கூடுகளை அருங்காட்சியகத்தில் வைக்காமல், வழித்தோன்றல்களோடு பேசி, திரும்பக் குன்றிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நாங்கள் ஏறும்போது வழிகாட்டி சட்டென்று கையை உயர்த்தினார். பாதையில் ஈரம் காயாத எருமைச் சாணம். ஒரு பாறையின் பின்னால் காத்திருந்தோம். கீழே புதருக்குள் கிளை முறியும் சத்தம் மட்டும் கேட்டது, ஒரு கொம்புகூடக் கண்ணில் படவில்லை. காரில் உட்கார்ந்து பார்த்த எந்தச் சிங்கத்தையும்விட அந்தச் சத்தம்தான் என்னை அதிகம் உலுக்கியது.

மன்னார்க்காரன்

துலாமேலாவில் நிற்கும் பாவோபாப்களைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். எங்கள் மன்னாரில் வேலி போட்டுக் காக்கிற பெருக்கமரம்! அங்கே திரும்பின பக்கமெல்லாம் நிற்கிறது.

பைனாகுலர்

பூங்காவின் வட முனையான பாஃபூரி வரை போனவர்கள் மகுலேகே மக்களைப் பற்றிக் கேட்காமல் வராதீர்கள். 1969-இல் நிறவெறி அரசு இவர்களை லுவுவ்ஹு, லிம்போபோ ஆறுகளுக்கு நடுவிலிருந்த சொந்த நிலத்திலிருந்து விரட்டி, அதைக் க்ரூகரோடு சேர்த்துக்கொண்டது. நில உரிமை கோரி, 1998-இல் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். அப்புறம் செய்ததுதான் ஆச்சரியம். குடியேறவோ உழவோ இல்லை. நிலத்தைக் காடாகவே விட்டு, பூங்கா நிர்வாகத்தோடு சேர்ந்து பராமரிக்கிறார்கள். விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்க்கிறார்கள். என்னை அழைத்துப் போன வழிகாட்டி அந்தச் சமூகத்துக்காரர். பச்சை மஞ்சள் பட்டையோடு நிற்கும் ஃபீவர் மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தி, தன் பாட்டி வீடு எந்தத் திசையில் இருந்தது என்று காட்டினார். பக்கத்திலேயே ஒரு நியாலா மான் மேய்ந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் எந்தக் 'கலாசார நிகழ்ச்சி' வேண்டும்?

ஆறுகள் கூடும் க்ரூக்ஸ் கார்னரில் மூன்று நாட்டு எல்லை சந்திக்கிறது. அந்தக் காலத்தில் போலீஸ் வந்தால் குற்றவாளிகள் அடுத்த நாட்டுக்குத் தாண்டிவிடுவார்களாம், அதனால் வந்த பெயர் ('க்ரூக்ஸ்' என்றால் ஆங்கிலத்தில் குற்றவாளிகள்).

சோறும் சஃபாரியும்

லெடாபா முகாம் பக்கம் ஒரு களிறு எங்கள் பாதையை அடைத்து நின்றது. கன்னத்தில் மதநீர் வழிந்திருந்தது. என் கணவர் படம் எடுக்கத் துடித்தார். நான் பின்கியர் போட்டு, அது தலையைத் திருப்பும்வரை மெல்லப் பின்னாலேயே போனேன். யானைக்கு முன்னால் எஞ்சினை அணைக்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள்.

திட்டமிடுபவர்களுக்குச் சில விஷயங்கள். நம்மூர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் சொந்தமாகக் கார் எடுப்பது எளிது. ஆனால் தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகம்தான் உச்சம். பூங்காவோ தெற்கு வடக்காகச் சுமார் 350 கிலோமீட்டர். வரைபடத்தில் விரல் வைத்து "அரை நாளில் போயிடலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். பொழுது சாயும்போது முகாம் கதவைப் பூட்டிவிடுவார்கள், தாமதமானால் அபராதம். ஜூன், ஜூலை குளிர்காலம்: புல் காய்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும், கொசுவும் குறைவு. இருந்தாலும் மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். விடியற்காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் கட்டாயம். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். அடுப்பு உள்ள குடில்கள் பல முகாம்களில் உண்டு. அரிசி, பருப்பு, மசாலாப்பொடி கொண்டுபோய் நாங்களே சமைத்துக்கொண்டோம். ஒன்றே ஒன்று: வராந்தாவில் உள்ள ஃப்ரிட்ஜைப் பூட்டிவிட்டுப் போங்கள். பபூன் குரங்குகளுக்கு ஃப்ரிட்ஜ் திறக்கத் தெரியும். பக்கத்துக் குடிலின் ரொட்டிப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கூரை மேல் உட்கார்ந்து தின்றதை முகாமே வேடிக்கை பார்த்தது.