புதுப்பிப்பு: லாட்ஜ் பதிவேட்டில் ஒரே விருந்தினர் பல பெயரில் – தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: கொடைக்கானலில் எங்கள் லாட்ஜ் பதிவில் ஒரே ஆள் ‘எஸ். முருகேசன்’, ‘முருகேஷ் எஸ்’ என்று தனித்தனி ஆளாக நிற்கிறார், எப்படிச் சேர்ப்பது?

எழுத்து வித்தியாசத்தை மட்டும் எண்ணும் லெவன்ஷ்டைன் முறை போதவில்லை. குமாரும் குமரனும் ஒன்றாகிவிட்டார்கள். கைகொடுத்தது ஃபெல்லெகி, சன்டர் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1969இல் வகுத்த நிகழ்தகவு முறைதான். பெயர், ஊர், போன் ஒவ்வொன்றும் பொருந்தினால் இவ்வளவு, பொருந்தாவிட்டால் இவ்வளவு என்று எடைபோட்டுக் கூட்டுகிறது; கூட்டுத்தொகை அதிகமானால் ஒரே ஆள். அதைச் சொன்னவருக்குத் தனி நன்றி.

எதிர்பாராதது போன் நம்பர். மே சீசனில் வேனில் வரும் குழு முழுக்க டிரைவர் நம்பரையே எழுதிவிடுகிறது. சம்பந்தமே இல்லாதவர்களெல்லாம் ஒரே ஆளானார்கள். அப்புறம் அடிக்கடி வரும் நம்பருக்கு எடையைக் குறைத்தேன், சரியாகிவிட்டது. ஒரே ஆளா இல்லையா என்று இரண்டுங்கெட்டானாக நிற்கும் பதிவு ஜோடிகளை மட்டும் ரிசப்ஷனில் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறோம்.