மறு: ‘கிளையன்ட்’: பயனாளியா, நாடுநரா, வேறு ஏதாவதா?

வணக்கம்.

> சமூகப்பணியில் கிளையன்ட்டுக்குப் ‘பயனாளி’ போதுமே, எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே, புதிதாக எதற்கு?

சமூகப்பணியாளர் யாருக்காக வேலை பார்க்கிறாரோ அவர்தான் கிளையன்ட், அவரைத் தமிழில் என்னவென்று சொல்வது என்பதுதான் நம் பேச்சு. ஓசூர்த் தம்பி கேட்ட இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதுதான் இங்கே வம்பே. தருமபுரியில் பதினோரு வருடமாகக் களவேலை பார்க்கிறேன். எங்கள் படிவத்தின் முதல் வரி ‘பயனாளியின் பெயர்’. போன ஆடியில் பென்னாகரம் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். பையன் ஒன்பதாம் வகுப்போடு நின்று பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டான், மேஸ்திரியிடம் வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார், பையனைக் கூட்டிவர வேண்டும். படிவத்தை எடுத்து வைத்ததும் கூட வந்த மகள் அந்த முதல் வரியை வாய்விட்டுப் படித்தாள். உடனே அம்மா, “பயனாளின்னா எங்களுக்கு என்னங்க வருது? ஆடா, வீடா?” என்றார்.

சிரித்துவிட்டேன், ஆனால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருக்குத் தெரிந்த பயனாளி என்றால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், தகுதி பார்ப்பார்கள், யாராவது மனது வைக்க வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்ததிலிருந்து நான் கொடுக்கிற ஆள், அவர் வாங்குகிற ஆள். அப்புறம் அரைமணி நேரம் தன் கஷ்டத்தை எனக்கு நிரூபித்துக்கொண்டிருந்தார், ஓட்டை விழுந்த கூரை, குடிக்கிற வீட்டுக்காரர், தண்ணீர் வற்றிய போர் என்று. பையன் பேச்சுக்கு வரவே நேரமாகிவிட்டது.

சமூகப்பணி ஒரு தொழிலாகத் தலையெடுத்ததே இந்தத் தகுதி பார்க்கிற பழக்கத்தை விட்டு மெல்ல மெல்ல வெளியே வந்துதான். 1869இல் லண்டனில் தொடங்கிய தர்ம அமைப்புச் சங்கம் செய்தது என்ன? உதவிக்குத் தகுந்த ஏழை யார், தகாத ஏழை யார் என்று வீடு வீடாகப் போய் விசாரித்துப் பிரித்தது. அதே வழியில் அமெரிக்காவில் தோன்றிய சங்கங்களில் வேலை பார்த்தவர்தான் மேரி ரிச்மண்ட். 1915இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர், மருத்துவக் கல்வியை அலசி அறிக்கை கொடுத்த அதே ஆள், பால்டிமோர் மாநாட்டில் ‘சமூகப்பணி ஒரு தொழிலா?’ என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார்: டாக்டரிடமோ வக்கீலிடமோ ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிற வேலை, தனக்கென்று ஒரு நுட்பம் கிடையாது என்று. இரண்டே வருடத்தில், 1917இல், ரிச்மண்ட் தன் நூலில் விசாரணையை ஒரு முறையாகவே எழுதிவைத்தார். அதற்கும் நாற்பது வருடம் கழித்து, 1957இல், பீஸ்டெக் என்ற இயேசு சபைப் பாதிரியார் ஏழு கொள்கைகளை வகுத்தபோது தீர்ப்புச் சொல்லாதே, வந்தவர் முடிவை அவரே எடுக்கட்டும் என்பதெல்லாம் அதில் சட்டமாக ஏறின. நாம் ‘பயனாளி’ போட்டால் இத்தனையையும் தாண்டி நேரே 1869க்குத் திரும்பிவிடுகிறோம் என்பது என் கட்சி.

(அந்த ‘தானே முடிவெடுத்தல்’ கொள்கைக்குச் ‘சுயநிர்ணய உரிமை’ என்று போடுகிறார்கள். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் அதைக் கேட்டு எந்த நாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்கிறார்கள். ‘தன்முடிவுரிமை’ எனக்குப் போதும்.)

இங்கிலீஷ் சொல்லும் ஒன்றும் யோக்கியமில்லை. லத்தீனில் அதன் மூலச்சொல், ரோமாபுரியில் பெரிய மனிதர் ஒருவரை அண்டிப் பிழைத்தவனைக் குறித்தது. அதனால் மூலத்துக்கு நேராக மொழிபெயர்க்கிற ஆசையே வேண்டாம். ‘கட்சிக்காரர்’ வக்கீலுக்குப் போய்விட்டது, ‘வாடிக்கையாளர்’ கடைக்கு.

பேராசிரியர் ஐயா சொன்ன ‘நாடுநர்’ அழகான சொல், பெறுநர், ஓட்டுநர் வரிசையில் இலக்கணமும் சரி. ஆனால் ஐயா, எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் நாடி வருவதில்லையே. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு முகூர்த்தக்கால் நட்ட வீட்டுக்கு குழந்தைகள் உதவி எண் 1098க்கு வந்த தகவலோடு நாங்கள்தான் போகிறோம், அவர்கள் எங்களைத் துரத்தாத குறை. அந்தப் பெண்ணை எப்படி நாடுநர் என்பது? போதாததற்குக் ‘கேஸ் ஒர்க்கர் வந்திருக்காங்க’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், “எங்க மேல கேஸ் போட்டுட்டீங்களா?” என்று பாட்டி அழ ஆரம்பித்துவிடுவார். அதனால் ஒவ்வொருவராகப் பார்த்துச் செய்கிற ‘கேஸ் ஒர்க்’குக்கு ‘வழக்குப்பணி’யும் வேண்டாம், ‘தனியர் பணி’ என்பதே நல்லது.

என் பரிந்துரை: உரியவர்.

காரியம் யாருடையதோ அவர். தொலைந்த பர்ஸை உரியவரிடம் ஒப்படைத்தோம் என்று எல்லாரும் சொல்கிறோம், புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உரிமையின் வேர் உள்ளேயே இருக்கிறது, அதனால் பீஸ்டெக்கின் தன்முடிவுரிமையைத் தனியாக ஒட்டவும் வேண்டாம். தானாக வந்தவருக்கும் பொருந்தும், நாம் தேடிப்போன அந்தப் பெண்ணுக்கும் பொருந்தும், சொல்லப்போனால் அவளுக்குத்தான் ரொம்பப் பொருந்தும், கல்யாணம் அவளுடையது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லையே. ‘பணிபெறுநர்’ மாதிரி நீளமும் இல்லை. 1989இல் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது, அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடுதான். அதில் வந்த ‘சுயஉதவிக் குழு’ என்ற பெயரை எந்த அக்காவாவது முழுதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? “குழுவுக்குப் போயிட்டு வர்றேன்”, அவ்வளவுதான். வாய்க்கு வராத சொல் படிவத்தோடு நின்றுவிடும்.

குறை இருக்கிறது. ஆபீஸ் தமிழில் ‘உரியவருக்கு அனுப்பவும்’ என்றால் அதிகாரிக்குப் போய்ச்சேரும். குழப்பம் வருகிற இடத்தில் ‘பணிக்குரியவர்’ என்று நீட்டிக்கொள்ளலாம். ஊரையே கூட்டிச் செய்கிற வேலையில் ஊர், மக்கள் என்று சொன்னால் போதும், அங்கே இதைத் திணிக்க வேண்டாம்.

போன மாதம் என் நோட்டில் மட்டும் மாற்றி எழுதிப் பார்த்தேன். ‘பயனாளிக்கு அறிவுரை வழங்கப்பட்டது’ என்று பழக்கத்தில் வருகிற வரி, ‘உரியவருக்கு அறிவுரை வழங்கப்பட்டது’ என்று எழுதும்போது கை கூசியது. அடித்துவிட்டு ‘உரியவரோடு பேசினேன்’ என்று எழுதினேன்.

இன்னொன்றுக்கு உங்கள் உதவி வேண்டும். பிங்கஸும் மினஹானும் சமூகப்பணி பற்றி 1973இல் எழுதிய நூலில் கிளையன்ட் ஒரு பக்கம் என்றால், மாற வேண்டிய ஆள் இன்னொரு பக்கம், அதற்கு ‘டார்கெட்’ என்று பெயர். பென்னாகரத்து அம்மா விஷயத்தில் உரியவர் யார் என்று தெரிகிறது. பையனைப் பிடித்துவைத்திருக்கிற அந்த மேஸ்திரியை என்னவென்று எழுதுவது? ‘இலக்கு’ என்றால் போலீஸ் வாடை அடிக்கிறது.