பொருள்: 'ஹேங்' ஆன த்ரெடுக்கு ஒரு சொல், திங்களுக்குள்

வேளச்சேரி:
வணக்கம். திங்கட்கிழமை காலை ஜாவா வகுப்பு. குறிப்பைத் தமிழில் முடித்துவிட்டேன், ஒரு சொல்தான் பாக்கி. த்ரெட் என்பது நிரலுக்குள் தனியே ஓடும் வேலைத் தொடர், அதை 'இழை' என்கிறேன். சர்வரின் இழைக்குளத்தில் (த்ரெட் பூல், வேலைக்குத் தயாராக வைத்த இழைகளின் தொகுப்பு) பத்துப் பணியிழைகள். பத்தும் தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்துக் கிடக்கின்றன. டைம்அவுட், அதாவது காத்திருப்புக்கு ஒரு கெடு, வைக்க மறந்தாயிற்று. பதினோராவது கோரிக்கை வாசலிலேயே நிற்கிறது. பிழைச்செய்தி கிடையாது, சர்வரும் விழவில்லை. 'செயலிழந்த இழை' என்று எழுதினேன், உறுத்துகிறது.

அம்பத்தூர்:
உறுத்தாமல்? முடிவில்லாச் சுழலில் மாட்டிய த்ரெட் சிபியுவையே தின்னும். அதுவா செயலிழந்தது? பசங்க 'ஹேங் ஆயிடுச்சு' என்கிறார்கள். அப்படியே விடுங்கள்.

மயிலாப்பூர்:
விடக்கூடாது. பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல். தூங்கணாங்குருவிக்கு உறக்கமா வேலை? சோழன் செம்பியன் அழித்த தூங்கெயிலும் அந்தரத்தில் தொங்கிய கோட்டைதான். குறள் 672-இல் அதே சொல்லுக்குக் காலம் தாழ்த்துதல் என்று பொருள், அதிகாரமோ வினைசெயல்வகை. 'தூங்கிழை' என்க.

வேளச்சேரி:
அழகுதான் ஐயா. ஆனால் ஜாவாவில் ஸ்லீப் என்றே ஒரு மெதட் இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு எழும் இழைக்கும் எழாத இழைக்கும் ஒரே பேர் வைத்தால் பரீட்சைத் தாளை நான்தான் திருத்தணும். 'தொங்கிழை'?

மயிலாப்பூர்:
இழை என்றால் நகையும்தானே. தாழ்குழல், ஆயிழை வரிசையில் தொங்கிழை வந்தாள். ஜிமிக்கி போட்ட பெண்.

குரோம்பேட்டை:
எங்கள் வீட்டில் தறி ஓடியது. நூல் அறுந்தால்தான் தொங்கும். இது அறவில்லையே, சிக்கியிருக்கிறது. 'சிக்கிழை'.

அம்பத்தூர்:
சிக்கு விழ இரண்டு நூலாவது வேண்டும். அதை, இழைகள் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் டெட்லாக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொங்கிழை வினைத்தொகை என்பதாலேயே எனக்குப் பிடிக்கிறது: தொங்கின, தொங்குகிற, தொங்கும் என்று காலம் கரந்து நிற்கிறது. கண்காணிப்பவனுக்கும் அதே கதிதான். வெப்ஸ்பியர் என்ற ஐபிஎம் சர்வர் மென்பொருள், அமைப்பை மாற்றாவிட்டால், 10 நிமிடம் பொறுத்து 'தொங்கியிருக்கலாம்' என்று மட்டும் பதிவில் எழுதும். இழை வேலையை முடித்துத் திரும்பினால் அதையும் எழுதும். ஜாவாவின் ஸ்டாப் மெதட் போட்டு இழையைக் கொல்லச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது தரவைக் காக்கும் பூட்டுகளை அவிழ்த்துவிட்டுப் போகும், அரைகுறையாக மாறிய தரவை மற்ற இழைகள் படிக்கும். ஜாவா 20 முதல் அதை அழைத்தாலே எக்செப்ஷன் பிழைதான். த்ரெட் டம்ப் (எல்லா இழைகளின் அப்போதைய நிலைப் பதிவு) எடுத்து எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வேளச்சேரி:
தொங்கிழை என்றே ஜெராக்ஸுக்குக் கொடுத்துவிட்டேன். மன்னியுங்கள், நேரமில்லை.

குரோம்பேட்டை:
சரி, போகட்டும்.

மயிலாப்பூர்:
எனக்கு உடன்பாடில்லை. அதிருக்கட்டும், இழைக்குளம் என்கிறீர்களே அம்மா, குளத்தில் கிடக்க அது என்ன பாசியா?